ஏழாவது செல்லுக்கு யார் சொல்வது?

தவக்காலம் 4ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
(1 சாமுவேல் 16, எபேசியர் 5, யோவான் 9)



இன்றைய நற்செய்தியில் வரும், பிறவியிலேயே பார்வையற்ற மனிதர் தமக்குப் பார்வை வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. எரிகோவில் பர்த்திமேயு கத்திக் கூப்பிட்டார். ஊரே அதட்டியும் அடங்கவில்லை. இவரோ பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவ்வழியே வந்த சீடர்களுக்கு அவரைக் கண்டதும் ஒரு சந்தேகம். இவர் இப்படிப் பிறந்ததற்குப் பழியை யார்மேல் போடுவது, இவர்மேலா, பெற்றவர்கள்மேலா என்று ஆண்டவரிடம் கேட்கிறார்கள். அவர் காதுபடவே கேட்டிருப்பார்கள். கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்கிற நினைப்பு நம்மிலும் பலருக்கு உண்டு.

வீட்டுக்குப் போனதும் யோவான் 9ஆம் அதிகாரத்தின் 41 வசனங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். சீடர்கள் கேள்வியாகக் கேட்டது, கடைசியில் பரிசேயர் வாயில் தீர்ப்பாக வந்து நிற்கும். பிறப்பிலேயே பாவி என்று சொல்லி அவரை வெளியே தள்ளுவார்கள். இடையில் தாய் தகப்பனைக் கூப்பிட்டு விசாரணை வேறு. பார்வை பெற்ற மனிதர் கண்ணெதிரே நிற்கிறார். யாருக்குப் பிறந்தார், எப்படிப் பிறந்தார் என்பதை விட்டு ஒருவரும் நகரவில்லை. இயேசு மட்டும் அந்தக் கேள்விக்குள் நுழைய மறுக்கிறார். இரு தரப்பையும் ஒரே வரியில் விடுவித்துவிட்டு, குனிந்து மண்ணைக் குழைக்கிறார்.

இந்தப் பகுதியை விளக்க நான் இன்று ஓர் ஈயைத் துணைக்குக் கூட்டிவந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். பழக்கடையில் கனிந்த வாழைத்தாரைச் சுற்றும் பொடி ஈ இருக்கிறதே, அதுதான். டிரோசோஃபிலா என்பது அதன் அறிவியல் பெயர். உடல் நீளம் 3 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். குருமடத்தில் சேருமுன் நான் விலங்கியல் படித்தவன். ஒரு கண் எப்படி உருவாகிறது என்பதை மனிதர் செல் செல்லாகக் கற்றுக்கொண்டது இந்த ஈயிடம்தான்.

1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் பால் புட்டிகளில் ஈ வளர்த்துக்கொண்டிருந்தார். சிவந்த கண்ணுள்ள ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ அகப்பட்டது. அதன் சந்ததியைக் கணக்கெடுத்தபோதுதான் மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்ற உண்மை உறுதிப்படத் தொடங்கியது. 1933இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அகுஸ்தினார் சபைத் துறவி கிரெகோர் மெண்டல் மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளில் கண்ட விதிகளை இதே மார்கன் முதலில் நம்பவில்லை. வெள்ளைக் கண் ஈதான் அவர் மனதை மாற்றியது. நம் துறவிக்கு ஓர் ஈ சாட்சி சொன்ன கதை என்று இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆக, ஆய்வுக்கூடத்திலும் கண்ணின் கதை வம்சாவளிக் கதையாகத்தான் தொடங்கியது. எதனிடமிருந்து எதற்கு வந்தது என்பதே முதல் கேள்வி. சீடர்கள் கேட்டதும் அதுதானே? பிற்பாடு அதே ஈ வேறொன்றையும் காட்டியது.

அதன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 800 சிறுகண்கள். ஒவ்வொரு சிறுகண்ணிலும் ஒளியை உணரும் செல்கள் எட்டு. லென்ஸை உண்டாக்கும் செல்கள் நான்கு. பக்கத்துச் சிறுகண்ணின் வெளிச்சம் உள்ளே கசியாமல் மறைக்கும் நிறமிச் செல்கள் சுற்றிலும். எல்லாச் சிறுகண்ணிலும் இதே அடுக்கு. ஆனால் ஈ இன்னும் புழுவாக இருக்கும்போது போய்ப் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாத செல்கள் சேர்ந்த ஒரு படலம் மட்டும் உள்ளே மடிந்து கிடக்கும்.

புழுப் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அந்தப் படலத்தின் பின்னோரத்தில் ஒரு பள்ளம் விழுந்து, முன்னோக்கி நகரத் தொடங்கும். ஆராய்ச்சியாளர்களே அதை உழவுச்சால் என்றுதான் அழைக்கிறார்கள். ஏர் பிடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: சாலுக்கு முன்னால் தரிசு, பின்னால் பிசகாத வரிசை. சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு வரிசையாக, ஏறத்தாழ இரண்டு நாளில் சால் படலத்தைக் கடந்துவிடும்.

சால் வந்து சேரும் இடத்தில் பல செல்கள் ஒரே நேரத்தில் அடோனல் என்ற மரபணுவை இயக்குகின்றன. எல்லாமே முதலிடத்துக்கு ஆசைப்படும் நேரம். செபதேயுவின் மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாட்ச் என்ற புரதத்தின் வழியாக ஒன்றையொன்று அடக்கி, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு செல்லில் மட்டும் அடோனல் நிலைக்கிறது. அதுதான் அந்தச் சிறுகண்ணின் மூத்த செல். அதற்கு இட்ட எண்ணோ எட்டு, ஏனெனில் வயதைப் பார்த்து எண் போடவில்லை. இந்த எட்டாவதிலிருந்து தொடங்கி, சுற்றி நிற்பவை ஒவ்வொன்றாக அழைப்புப் பெறுகின்றன: இரண்டும் ஐந்தும், பிறகு மூன்றும் நான்கும், பிறகு ஒன்றும் ஆறும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏழு.

இந்த எட்டும் ஒரே தாய்ச்செல்லின் பிள்ளைகளா? அப்படித்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். 1976இல் கலிஃபோர்னியாவில் டொனால்ட் ரெடி, தாமஸ் ஹேன்சன், சீமோர் பென்சர் மூவரும் அதைச் சோதித்தார்கள். மார்கனின் அதே வெள்ளைக் கண் மரபணுவை வைத்து ஒரு செல்லின் வாரிசுகளுக்கு மட்டும் அடையாளமிட்டு, அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்தார்கள். ஒரே சிறுகண்ணுக்குள் அடையாளம் உள்ளவையும் இல்லாதவையும் கலந்து நின்றன. எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பதை வைத்து ஒரு செல் இன்னதாகும் என்று சொல்ல முடியவில்லை. எங்கே நிற்கிறது, பக்கத்தில் நிற்பது அதற்கு என்ன சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருந்தது.

ஏழாவது செல்லின் கதைக்கு வருகிறேன். புற ஊதா ஒளியை உணர்வது அதன் வேலை. புற ஊதா ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று காட்டினால் ஈ புற ஊதாவை நோக்கிப் போகும். பென்சரின் ஆய்வுக்கூடத்தில் அப்படிப் போகாத ஈக்கள் கிடைத்தன. கண்ணைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு சிறுகண்ணிலும் ஏழாவது செல்லைக் காணோம். ஏழாவதாகியிருக்க வேண்டியது லென்ஸ் செல்லாகிப் போயிருந்தது. அந்தக் குறைக்குக் காரணமான மரபணுவுக்கு செவன்லெஸ் என்று பெயர் வைத்தார்கள். அது தரும் புரதம் ஓர் ஏற்பி, அதாவது செல்லின் மேற்பரப்பில் நின்று செய்தியை வாங்குவது. வாங்குவதற்கு வழியில்லை, அதனால் ஏழாவது செல் பிறக்கவில்லை. இதுவரை எளிது.

அடுத்து இன்னொரு வகை ஈ கிடைத்தது. இதிலும் ஏழாவது செல் இல்லை. ஆனால் செவன்லெஸ் மரபணு பழுதில்லாமல் இருக்கிறது. பழுதானது வேறொரு மரபணு. 1988இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரோஸ்மேரி ரெய்ன்கேயும் லாரன்ஸ் ஸிபுர்ஸ்கியும் அந்த மரபணு சில செல்களில் மட்டும் பழுதாகியிருக்கும்படி ஈக்களை உருவாக்கி, சிறுகண் சிறுகண்ணாக ஆராய்ந்தார்கள். ஏழாவது செல்லிலேயே அது பழுதாகியிருந்தாலும், எட்டாவதில் நன்றாக இருந்தால் ஏழாவது ஒழுங்காக உருவானது. எட்டாவதில் பழுதானால், ஏழாவது உருவாகவில்லை. ஏழாவதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் எட்டாவது செல், தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை ஏந்தி நிற்கவேண்டும். தூரத்திலிருந்து அது வந்து சேராது. தொட்டு நின்றால்தான் உண்டு. ஏழாவது காத்திருந்தது, பக்கத்தில் இருந்தது சொல்லவில்லை.

இப்போது சீடர்களின் கேள்விக்குத் திரும்புங்கள். அதில் இரண்டே தரப்புதான் இருக்கிறது, அவரும் அவருடைய பெற்றோரும். அக்கம்பக்கத்தாரைப் பற்றிக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் யோவான் அவர்களை மறக்கவில்லை. பார்வை பெற்றுத் திரும்பி வந்தவரை முதலில் எதிர்கொள்பவர்கள் அவர்கள்தான். நாள்தோறும் அவரைக் கடந்து போனவர்கள், இப்போது இவர் அவர்தானா, அவரைப் போல இன்னொருவரா என்று விவாதிக்கிறார்கள். கண் திறந்தால் ஒருவருடைய முகம் அடையாளம் தெரியாமல் போகும் அளவுக்கா மாறிவிடும்? அவர் உட்கார்ந்த இடத்தையும் நீட்டிய கையையும் பார்த்திருக்கிறார்கள், முகத்தைப் பார்த்ததில்லை. பிறகு அவர்களே அவரைப் பரிசேயரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அதிகாரம் முழுவதிலும் அவருக்காக மகிழ்ந்தார் என்று ஓர் அயலாரைக்கூட நான் காணவில்லை.

“சாமி, பிறவியிலேயே பார்வை இல்லாமல் போவதற்கு மரபணுவும் காரணம்தானே?” என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பீர்கள். ஆம், பல நேரங்களில் அதுவே காரணம். 1915இல் மார்கனின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் ஹோக், கண் சிறுத்தோ கண்ணே இல்லாமலோ பிறக்கும் ஈக்களை விவரித்தார். அந்த மரபணுவின் பெயர் ஐலெஸ். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங்கின் குழு 1994இல் அதை வாசித்தபோது, எலியிலும் மனிதரிலும் கண் உருவாகத் தேவையான பாக்ஸ்6 என்ற மரபணுவுக்கு அது மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு ஐலெஸை ஈயின் கால், இறக்கை, உணர்கொம்பு உருவாகும் படலங்களில் இயக்கிப் பார்த்தார்கள். அங்கெல்லாம் கண் முளைத்தது, ஒளியுணர் செல்களோடும் லென்ஸோடும் சிவந்த நிறமியோடும். எலியின் மரபணுவை வைத்தபோதும் முளைத்தது, ஆனால் முளைத்தது ஈக்கண். உலகமே வியந்த ஆய்வு இது. அதிகம் பேசப்படாத ஒன்றும் இதில் உண்டு: அந்த ஆணை எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. அக்கம்பக்கத்துச் செல்களின் வேறு சில சைகைகளும் வந்து சேர்ந்த இடங்களில்தான் கண் உருவானது.

பாக்ஸ்6 நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒன்று பழுதானால் அனிரிடியா என்ற குறையோடு குழந்தை பிறக்கலாம். கண்மணியைச் சுற்றியுள்ள வண்ணத் திரை இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். இந்தக் குறையுள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பெற்றோர் இருவரிடமும் அது இருப்பதில்லை. அந்தப் பிள்ளையில் புதிதாக நேர்ந்த மாற்றம் அது. மற்றவர்களுக்குப் பெற்றோரிடமிருந்து வந்திருக்கலாம். வந்திருந்தாலும் அதில் பாவம் எங்கே இருக்கிறது? டி.என்.ஏ. பிரதி எடுக்கப்படும்போது நேரும் பிழைக்கு ஒழுக்கம் தெரியாது. அமாவாசையில் கருத்தரித்ததையும், கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததையும், பாட்டன் யாருக்கோ செய்த துரோகத்தையும் சொல்லித் தாயை அழவைக்கிற வீடுகள் நம் பங்கிலும் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற வீடுகள்தான். இயேசு 2000 ஆண்டுக்கு முன் மூடிய வழக்கைத் திரும்பத் திரும்ப எடுத்து நடத்துகிறோம்.

இயேசு ஏன் மண்ணைக் குழைத்தார்? வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? 2ஆம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராக இருந்த புனித இரேனியுஸ் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தாரே, அவர்தான். ஆதியில் மனிதனை மண்ணிலிருந்து உருவாக்கிய அதே கை, தாயின் வயிற்றில் நம்மை உருவாக்குகிற அதே கை, அங்கே விட்டுவைத்த வேலையை வெளியே எல்லாரும் பார்க்கச் செய்து முடித்தது என்பது அவர் கருத்து. மூன்று மில்லிமீட்டர் ஈயின் தலைக்குள் இரண்டு நாள் ஓடும் உழவுச்சாலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரேனியுஸ் நினைவுக்கு வருவார். நம் கண்ணும் அப்படித்தான். கருவின் நான்காம் வாரத்தில் மூளையின் இருபுறமும் ஒரு சிறு புடைப்பு எழுந்து தோலை நெருங்கும். அது நெருங்கிய இடத்துத் தோல்தான் லென்ஸாக மாறும். ஹான்ஸ் ஸ்பீமான் 1901இல் தவளைக் கருவில் அந்தப் புடைப்பை அழித்தபோது லென்ஸும் உருவாகவில்லை. படைப்பின் கை ஒரு செல்லை இன்னொன்றின் அருகில் கொண்டுபோய் நிறுத்தித்தான் வேலை செய்கிறது போலும்.

இங்கே நான் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. ஈயைக் காட்டி வேதம் நிரூபிக்க நான் வரவில்லை. மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவின் உடலில் 959 செல்கள். ஒவ்வொன்றின் வம்சாவளியையும் வரைந்துவிட்டார்கள், எந்தத் தாய்ச்செல்லுக்கு எந்தப் பிள்ளை என்பது அதில் புழுவுக்குப் புழு அநேகமாக மாறுவதே இல்லை. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்க ஆசைப்படுபவர் அந்தப் புழுவைத் தூக்கிக்கொண்டு வரலாம். ஈயின் கண்ணிலும் இனிய செய்தி மட்டும் இல்லை. கூட்டுப்புழுப் பருவத்தில், சிறுகண்களுக்கு நடுவே தேவைக்கு மேல் ஏறக்குறைய 2000 செல்கள் மிஞ்சும். வாழ்வதற்கான சைகை போதிய அளவு கிடைக்காத அவை தம்மைத்தாமே அழித்துக்கொள்ளும். அவை அழிவதால்தான் அறுகோணங்கள் அத்தனை நேர்த்தியாக அமைகின்றன. மிஞ்சியவரை அப்புறப்படுத்திப் பெற்ற ஒழுங்கு அது.

பரிசேயரின் ஒழுங்கும் அதுவே. பொருந்தாதவரை வெளியே தள்ளினார்கள், வரிசை சரியானது. இந்த இடத்தில் ஈயும் நற்செய்தியும் பிரிந்துவிடுகின்றன. அவரை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் இயேசு அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறார். அதுவரை அந்த மனிதர் இயேசுவின் முகத்தைப் பார்த்ததே இல்லை. சீலோவாம் குளத்துக்குப் போகும்போது அவர் கண்ணில் சேறு இருந்தது. வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் பார்க்கிறார்.

முதல் வாசகத்தையும் விட்டுவிட முடியாது. சாமுவேல் முன் ஈசாயின் பிள்ளைகள் ஏழு பேர் வரிசையாக வந்தார்கள். எட்டாவது பிள்ளையை ஆடு மேய்க்க விட்டுவிட்டு வந்திருந்தார் தகப்பன்; கூப்பிடவேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. எட்டுப் பேருக்கும் ஒரே தகப்பன், ஒரே குலம். குலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் வாசலில் முதலில் வந்து நின்ற எலியாபே போதும். நம் தமிழகத் திருச்சபையில் தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவோடு திரும்பும் என்று கேட்டால் சிறு பிள்ளைக்கும் பதில் தெரிகிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் நிற்கிறது. செத்த பிறகும் யாருக்குப் பிறந்தார் என்று கேட்கிறோம். அந்தச் சுவர்கள் நிற்கும் ஊர்களில் இந்த ஞாயிறு இதே யோவான் 9ஆம் அதிகாரம்தான் வாசிக்கப்படுகிறது. எப்படி வாசிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நம் பங்குக்கு வருவோம். இந்த வாரம் அன்பியக் கூட்டங்களில் இந்த நற்செய்தியை மீண்டும் வாசிப்பீர்கள். வாசித்துவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் பார்வை இல்லாதவர், நடக்க முடியாதவர், பேச்சு வராத பிள்ளை என்று யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யார் கோயிலுக்கு வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று பேசுங்கள். “அவர்களைக் கூட்டிவருவது கஷ்டம், சாமி” என்று என்னிடம் சொல்லும் முன், கடைசியாக அந்த வீட்டுக்குள் எப்போது போனீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் பெயர் அன்பியத் தலைவருக்குத் தெரியவேண்டும், அதன் தாய் வாய்விட்டுச் சொல்லாதது இன்னதென்று பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியவேண்டும். புனித வாரத்துக்கு முன் அந்த வீடுகளுக்கு நானும் வருகிறேன். தனியாக வரமாட்டேன், அந்தத் தெருக்காரர்கள் யாராவது என்னோடு வரவேண்டும். பங்குப் பேரவையில் முடிவு செய்தபடி தெற்கு வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை கட்ட நாளை கொத்தனார் வருகிறார். அந்தப் பக்கம் மணலும் ஜல்லியும் கொட்டியிருக்கும், பாதை முடியும்வரை யாரும் அங்கே வண்டி நிறுத்தாதீர்கள்.